ஐந்நூறு மெகாபாஸ்கல் எங்கே போகிறது?

சீமைக்கருவேலம், பிரண்டை, எருக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறைகள் நார் உரித்துப் பார்க்காத செடி இன்று அரிது. சீமைக்கருவேலப் பட்டை நாரைப் பற்றிய கட்டுரை 2013-லும், பிரண்டை வேர் நாரைப் பற்றியது 2014-லும் 'கார்போஹைட்ரேட் பாலிமர்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தன. அதற்குப் பிறகு வந்தவற்றை எண்ணி முடியாது. ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே அட்டவணை: செல்லுலோஸ் எத்தனை சதவீதம், அடர்த்தி எவ்வளவு, இழுவலிமை எத்தனை மெகாபாஸ்கல். கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண்தான் கட்டுரையின் பெருமை.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டில் சுமார் நூறு கிராம் எடையைத் தொங்கவிட்டால் வரும் இழுவிசைதான் ஒரு மெகாபாஸ்கல். சணல் நாருக்கு 500 மெகாபாஸ்கல் என்றால், சதுர மில்லிமீட்டருக்கு ஐம்பது கிலோ தாங்கும் என்று பொருள். சாதாரணக் கட்டுமான இரும்பு 400 மெகாபாஸ்கல் அளவில் அறுந்துவிடும். அப்படியானால் சணலையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்துச் செய்த தகடு இரும்புக்குக் கொஞ்சமாவது கிட்ட வர வேண்டும். வருவதில்லை. சணல் பாயை வைத்து வார்த்த தகடுகளுக்கு ஆய்வுகளில் கிடைக்கும் இழுவலிமை பெரும்பாலும் 50, 60 மெகாபாஸ்கல் பக்கம்தான் நிற்கிறது. மீதி எங்கே போனது? தாவர நாரைப் பிசினில் வார்க்கும் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை என்பது என் எண்ணம். புதிய செடியைத் தேடுவது அதற்கு விடையாகாது.

முதலில் நார். தாவர நார் என்பதே இயற்கை செய்து வைத்த கூட்டுப்பொருள்தான். செல்லுலோஸ் நுண்ணிழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவை பிசினாக நிற்கின்றன. செல்லுலோஸ் படிகத்தின் விறைப்பு 130 ஜிகாபாஸ்கலுக்கு மேல் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1960-களின் தொடக்கத்திலேயே அளந்து சொன்னார்கள். அலுமினியத்துக்கு அது 70தான். ஆனால் நுண்ணிழைகள் நாரின் நீளத்துக்கு நேராக ஓடுவதில்லை. கயிற்றின் புரிபோல ஒரு கோணத்தில் சுற்றிச் செல்கின்றன. அந்தக் கோணம் ஆளி நாரிலும் சணலிலும் பத்துப் பாகைக்குள் அடங்கிவிடும். கத்தாழை நாரில் இருபது பாகை வரை போகும். தென்னை நாரிலோ நாற்பதைத் தாண்டும்.

கோணம் சிறிதானால் இழுக்கும்போது சுமை நேராகச் செல்லுலோஸின் மேல் விழுகிறது. நார் விறைப்பாக இருக்கும், கொஞ்சமே நீண்டு அறும். கோணம் பெரிதானால் முதலில் புரி விரிய வேண்டும். விறைப்பு குறையும், நீட்சி கூடும். ஆளி நாரின் விறைப்பு 50 ஜிகாபாஸ்கலைத் தாண்டிப் போகக்கூடியது. ஆனால் அது 2, 3 சதவீத நீட்சியிலேயே அறுந்துவிடும். தென்னை நாருக்கு விறைப்பு 4 முதல் 6 ஜிகாபாஸ்கல். ஆனால் அறுவதற்கு முன் 15 முதல் 40 சதவீதம் வரை நீளும். தேங்காய் மட்டையில் 40 சதவீதத்துக்கு மேல் லிக்னின், செல்லுலோஸ் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கீழே விழும் காயைக் காக்க வளர்ந்த நார் அது. தண்டை நிமிர்த்தி நிறுத்த வளர்ந்த ஆளி நாரோடு அதை இழுவலிமையில் போட்டிக்கு நிறுத்துவதே முறையில்லை.

அட்டவணையில் இருக்கும் எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை வட்டமானது. விட்டத்தை அளந்தால் பரப்பு கிடைத்துவிடும். தாவர நாரின் வெட்டுமுகம் பல கோணம் கொண்டது, உள்ளே குழி வேறு. நுண்ணோக்கியில் விட்டத்தை அளந்து வட்டம் என்று வைத்துக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். விட்டத்தில் பத்து சதவீதம் பிசகினால் வலிமையில் இருபது சதவீதம் பிசகும். அடுத்தது, பிடித்து இழுக்கும் நீளம். நீளம் கூடினால் அதில் ஒரு பலவீனமான இடம் இருக்க வாய்ப்பும் கூடும். நெதர்லாந்தில் ஹாரியெட் போஸும் கூட்டாளிகளும் 2002-ல் வெளியிட்ட ஆளி நார் ஆய்வு இதற்கு நல்ல சான்று. தனி இழையைச் சில மில்லிமீட்டர் நீளத்தில் பிடித்து இழுத்தால் ஏறக்குறைய 1500 மெகாபாஸ்கல். பல இழைகள் பெக்டினால் ஒட்டிய பட்டை நாராக நீளமாகப் பிடித்தால் ஏறக்குறைய 500. செடி ஒன்றுதான், வலிமை மூன்று மடங்கு வேறு. எந்த நீளத்தில் இழுத்தது, எத்தனை இழைகளை இழுத்தது, சிதறல் எவ்வளவு என்று சொல்லாத எண்ணை வைத்து இரண்டு செடிகளை ஒப்பிட முடியாது. அப்படி ஒப்பிட்ட கட்டுரைகள் ஏராளம்.

இப்போது தகட்டுக்கு வருவோம். கலவை விதி எளிமையானது: தகட்டின் வலிமை, நார் தன் கன அளவுப் பங்குக்குத் தரும் வலிமையும் பிசின் தன் பங்குக்குத் தருவதும் சேர்ந்தது. 500 மெகாபாஸ்கல் சணல் 30 சதவீதம் என்றால் முதல் படியிலேயே 150 ஆகிவிடுகிறது. அடுத்து, பாயில் நார்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தளத்துக்குள் சிதறிய நார்களுக்கு டென்மார்க்கின் கிரென்ஷல் தந்த காரணி எட்டில் மூன்று. 150, 56 ஆகிறது. மூன்று பக்கமும் சிதறினால், ஊசி வார்ப்பில் நேர்வது போல, ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சும். பாயின் 56-ஓடு பிசினின் பங்கு முப்பதைச் சேர்த்தால் 85 பக்கம் வர வேண்டும். அதற்கும் கீழே 50, 60 என்று இறங்குவதற்கு நாருக்கும் பிசினுக்கும் இடையிலான பிடிப்பும், உள்ளே சிக்கிய காற்றும், நாரிலேயே இருக்கும் பழுதுகளும் பொறுப்பு. பெரிய இழப்பு முதல் இரண்டு படிகளிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதற்கும் செடியின் பெயருக்கும் தொடர்பில்லை.

தென்னை நாரில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமாகப் போகும். பாலியெஸ்டர் பிசின் 2 சதவீத நீட்சியில் விரிசல் விடும். அந்த நொடியில் தென்னை நார் தன் நீட்சியில் ஏழில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்காது. 4 ஜிகாபாஸ்கல் விறைப்பு, 2 சதவீத நீட்சி என்றால் நார் அப்போது சுமப்பது 80 மெகாபாஸ்கல். அதில் 30 சதவீதம், அதற்கும் எட்டில் மூன்று: வெறும் 9. மீதி 70 சதவீதப் பிசின், 50 மெகாபாஸ்கலில் தன் பங்காக 35 தருகிறது. கூட்டினால் 44. நாரே போடாமல் வார்த்த பிசினுக்கு 50! தென்னை நாரைச் சேர்த்ததால் தகடு பலவீனமாகிவிட்டது. இது என் காகிதக் கணக்கு மட்டுமல்ல. திருவனந்தபுரத்தில் அப்போது மண்டல ஆராய்ச்சிக் கூடம் என்றிருந்த நிறுவனத்தில் (இன்றைய என்.ஐ.ஐ.எஸ்.டி.) சத்யநாராயணாவும் மற்றவர்களும் 1980-களின் தொடக்கத்திலிருந்தே தென்னை, வாழை நார்களை இழுத்து அளந்து, பாலியெஸ்டரில் இட்டுச் சோதித்தார்கள். தென்னை நாரின் பயன் இழுவலிமையில் இல்லை என்பது அப்போதே தெரியும். விரிசல் விட்ட பிறகு துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்வதும் மோதலின் ஆற்றலை உள்வாங்குவதும்தான் அதன் வேலை. தென்னை நாருக்கு இழுவலிமைச் சோதனை மட்டும் செய்து, 'எதிர்பார்த்த அளவு இல்லை' என்று முடிக்கும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

இனி பிடிப்பு. செல்லுலோஸ் நீரை விரும்பும். பாலிபுரொப்பிலீன் நீரை வெறுக்கும். இரண்டும் தாமாக ஒட்டா. சுமை பிசினிலிருந்து நாருக்குப் பக்கவாட்டு உராய்வாகத்தான் ஏற வேண்டும். முழுச் சுமையும் ஏற ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். கெல்லியும் டைசனும் 1965-ல் தந்த சூத்திரம் இது: நாரின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, பிடிப்பு வலிமையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 500 மெகாபாஸ்கல் நார், 0.06 மில்லிமீட்டர் விட்டம், பிடிப்பு 5 மெகாபாஸ்கல் என்றால் அந்த நீளம் 3 மில்லிமீட்டர். ஊசி வார்ப்பு இயந்திரத்தின் திருகில் அரைபட்டு வரும் நார் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அப்படிப்பட்ட பொருளில் நார் அறுவதே கிடையாது, உருவிக்கொண்டு வந்துவிடும். உடைந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் உருவிய நார்களும் அவை இருந்த ஓட்டைகளும் தெரியும். அங்கே 500 மெகாபாஸ்கல் நாரைப் போட்டாலும் 800 மெகாபாஸ்கல் நாரைப் போட்டாலும் ஒன்றுதான்.

இதற்கு மருந்து இரண்டு. பாலிபுரொப்பிலீனில் மலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரொப்பிலீனைச் சில சதவீதம் கலப்பது ஒன்று. அதன் ஒரு முனை செல்லுலோஸைப் பிடிக்கும், மறு முனை பிளாஸ்டிக்கோடு கலக்கும். பிடிப்பு இரு மடங்கானால் தேவையான நீளம் பாதியாகிறது. தொழிற்சாலைகள் உண்மையில் பயன்படுத்தும் வழி இதுதான். நம் கல்லூரி ஆய்வகங்களுக்குப் பிடித்தது மற்றது: நாரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பது. மெழுகும் பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும் கரைந்து, நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், கட்டாக இருந்த இழைகள் பிரியும். எவ்வளவு நேரம் என்பதில்தான் சூட்சுமம். கொல்கத்தாவில் சணலைக் கொண்டு செய்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 5 சதவீதக் கரைசலில் 4 மணி நேரம் ஊறிய நாரை 35 சதவீதம் வைத்து வினைல் எஸ்டரில் வார்த்தபோது வளைவலிமை 199 மெகாபாஸ்கலிலிருந்து 239-க்கு ஏறியது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நான்கு மணி நேரம் வரை தகடு உடைந்தபோது நார் உருவி வந்தது. ஆறு, எட்டு மணி நேரம் ஊறியதில் உருவுவது குறைந்து, நார் குறுக்கே முறிந்தது. அதாவது நாருக்கும் பிசினுக்கும் இடையிலிருந்த பலவீனம் நாருக்குள்ளேயே புகுந்துவிட்டது.

வளைவலிமை 239 என்பதைப் பார்த்து இழுவலிமையோடு ஒப்பிடக் கூடாது. வளைக்கும்போது வெளி விளிம்பில் ஒரு சிறு பகுதி மட்டுமே உச்ச இழுப்பைச் சந்திக்கிறது. அதனால் அந்த எண் பெரும்பாலும் பெரிதாகவே வரும். தலைப்பில் எந்த எண் பெரிதோ அதைப் போடும் பழக்கம் பரவலாக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'30 சதவீதம் உகந்தது' என்ற முடிவும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எந்தச் செடியானாலும் நாரைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரளவு வரை வலிமை ஏறும், பிறகு இறங்கும். ஏறி இறங்கிய இடத்தை நாரின் இயல்பு என்று எழுதிவிடுகிறார்கள். டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தில் போ மாட்சனும் லில்ஹோல்ட்டும் இதற்கு வேறு விளக்கம் தந்தார்கள். தாவர நார்கள் கண்ணாடி இழைபோல நெருக்கமாக அடங்கா. குறிப்பிட்ட அழுத்தத்தில் அவற்றை ஓர் எல்லைக்கு மேல் நெருக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டி நாரைச் சேர்த்தால் இடைவெளியை நிரப்பப் பிசின் போதாது, சேர்வது காற்றுதான். ஆகவே அந்த முப்பதோ முப்பத்தைந்தோ அச்சின் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் கூட்டினால் உச்சமும் நகரும். கைப்பூச்சு முறையில் வார்த்துவிட்டு, காற்றுப் பங்கை அளக்காமல் 'உகந்த அளவு' என்று சொல்வது வார்த்தவர் கையைப் பற்றிய செய்தி, நாரைப் பற்றியதல்ல.

எடைச் சதவீதமும் ஏமாற்றும். பாலிபுரொப்பிலீனில் எடைக்கு 30 சதவீதம் ஆளி என்றால் கன அளவில் 21 சதவீதம். அதே 30 சதவீதம் கண்ணாடி என்றால் கன அளவில் 13தான், ஏனென்றால் கண்ணாடியின் அடர்த்தி 2.55, ஆளிக்கு 1.45 பக்கம். எடைக்கு எடை ஒப்பிடும்போது தாவர நாருக்கு ஒன்றரை மடங்கு இடம் கொடுத்தாகிவிட்டது.

இதே அடர்த்திதான் தாவர நாரின் உண்மையான பலமும். ஆளியின் விறைப்பை 55 என்று கொண்டு அடர்த்தியால் வகுத்தால் 38 வரும். கண்ணாடிக்கு 72-ஐ வகுத்தால் 28. வலிமையில் நிலைமை தலைகீழ்: ஆளிக்கு 800 என்று வைத்து வகுத்தாலும் 550, கண்ணாடிக்கு 2400 என்று வைத்தால் 940. எடைக்கு விறைப்பு வேண்டிய இடத்தில் ஆளி வெல்லும், எடைக்கு வலிமை வேண்டிய இடத்தில் கண்ணாடி வெல்லும். 'கண்ணாடிக்கு நிகரான வலிமை' என்று பொதுவாகச் சொல்வதில் இந்த இரண்டும் குழம்பிப்போகின்றன. வளையும் பலகைக்கோ இன்னும் சாதகம். பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், லேசான பொருளைக் கொஞ்சம் தடிமனாக்கினாலே போதும். கார் கதவின் உட்பலகை, இருக்கையின் பின்புறம், பெட்டிகள், ஒலிபெருக்கிக் கூடுகள் எல்லாம் இந்த வகையே.

இதைச் சோதித்துப் பார்த்த நல்ல முயற்சி 2013-ல் தர்ஷில் ஷாவும் அவருடைய நாட்டிங்ஹாம் கூட்டாளிகளும் செய்த காற்றாலை இறக்கை. மூன்றரை மீட்டர் நீளம், 11 கிலோவாட் காற்றாலைக்கு ஏற்றது. ஒரே அச்சில் ஒன்று ஆளி, ஒன்று கண்ணாடி. ஆளி இறக்கை பத்து சதவீதம் இலேசாக இருந்தது. வழக்கமான காற்றுக்கும் மோசமான காற்றுக்கும் வேண்டிய சுமையைத் தாங்கியது. ஆனால் கண்ணாடியைவிட அதிகம் வளைந்தது. ஆளியின் நேர்த்திசைத் தகடு 300 மெகாபாஸ்கல் வரை போகக்கூடியது என்பதால் இது முடிந்தது. சிதறிய பாயில் செய்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாரை நேராக அடுக்குவதில் ஒரு சங்கடம் உண்டு: தாவர நார் குட்டையானது, நூலாகத் திரிக்காமல் அடுக்க முடியாது, திரித்தால் அந்த முறுக்கே மறுபடி கோணத்தைக் கொண்டுவந்து வலிமையைத் தின்னும். முறுக்கில்லாத, மெல்லிய நூலால் சுற்றிக்கட்டிய ஆளிப் பட்டைகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்ததன் காரணம் இதுதான். போர்ஷே 2019-ல் 718 கேமன் பந்தயக் காரின் கதவுகளையும் பின்சிறகையும் தாவர நாரில் செய்ததும் இந்த வரிசையில் சேரும்.

பழைய கதையும் கொஞ்சம் இருக்கிறது. இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் 1930-களில் ஆளி நூலை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து 'கோர்டன் ஏரோலைட்' என்ற பொருளைச் செய்தார். உலகப் போரின்போது அலுமினியத் தட்டுப்பாட்டை எண்ணி ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உடற்பகுதி ஒன்றை அதில் செய்து சோதித்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் டிரபாண்ட் கார் 1957 முதல் 1991 வரை சோவியத் பருத்திக் கழிவையும் ஃபீனாலிக் பிசினையும் அழுத்திச் செய்த உடற்பலகைகளோடு முப்பது லட்சத்துக்கு மேல் தயாரானது. மெர்சிடிஸ் 2000-களின் நடுவில் பிலிப்பைன்ஸ் அபாகா நாரை ஏ கிளாஸ் காரின் உபரிச் சக்கரக் குழி மூடியில், அதாவது காரின் வெளிப்புறத்தில், பயன்படுத்தியது. அன்றைய கார்களில் பெரும்பாலும் உள்ளேயே பயன்பட்ட பொருளை மழையும் கல்லும் படும் இடத்துக்குக் கொண்டுவந்தது பெரிய முன்னேற்றம்.

ஏனென்றால் கடைசி எதிரி தண்ணீர். ஈரக் காற்றில் சணல் தன் எடையில் பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் நீரை வைத்திருக்கும். வார்ப்பதற்கு முன் உலர்த்தாவிட்டால் பிசினுக்குள் நீராவிக் குமிழாகும். வார்த்த பிறகு வெட்டிய விளிம்பு வழியாக நீர் ஏறும், நார் உப்பும், பிசின் விரியாது, இடையில் விரிசல் விடும். உலரும்போது நார் சுருங்கி, பிடிப்பு கழன்றுவிடும். நனைந்து உலரும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் போகும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளில் கண்ணாடிக்குப் பதில் சணலையோ கத்தாழையையோ போடலாம் என்று யாராவது சொன்னால், அடிப்பகுதிக்கு வேண்டாம் என்பேன். வெளித்தோலில் கண்ணாடியும் நடுவில் சணலும் வைத்த கலப்புத் தகடு வேறு விஷயம். வளைவில் சுமை வெளித்தோலில்தான் விழுகிறது, நீரையும் அதுவே தடுக்கிறது. நடு அடுக்கு தடிமனை மட்டும் தருகிறது. விலைக்கும் எடைக்கும் உகந்த இந்த வழியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பை எப்படி மூடுவது என்பதைப் பற்றித்தான் குறைவு.

வெப்பமும் ஓர் எல்லை வைக்கிறது. 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். ஆகவே பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், எப்பாக்சி, பாலியெஸ்டர் என்ற வட்டத்துக்குள் நிற்க வேண்டும்; 260 பாகைக்கு மேல் உருகும் நைலான் 66-ஐ நினைக்கக்கூட முடியாது.

நாரின் அடிப்படை இயல்புகளைக் கணிக்கும் அளவுக்கு நமக்குத் தெரிந்துவிட்டது. கோணத்தையும் செல்லுலோஸையும் சொன்னால் ஒரு புதிய செடியின் நார் ஏறக்குறைய எங்கே நிற்கும் என்று இழுக்காமலே சொல்லலாம். கோட்டயத்தில் சாபு தாமஸ் குழு கத்தாழை, அன்னாசி இலை, வாழை நார்களில் முப்பது ஆண்டுகளாகச் செய்த வேலை பிடிப்பைப் பற்றிய அடிப்படைகளையும் நிறையவே தெளிவாக்கியது. இல்லாதது, வடிவமைப்பவர் ஒருவர் நம்பிக் கையெழுத்திடக்கூடிய எண். சராசரி 60 என்பது அவருக்குப் பயன்படாது. நூறு தகடுகளில் தொண்ணூற்றைந்து எந்த வலிமைக்கு மேல் நிற்கும், பத்து லட்சம் முறை சுமை ஏறி இறங்கினால் எவ்வளவு மிஞ்சும், தொடர்ந்து சுமையில் நின்றால் ஓர் ஆண்டில் எவ்வளவு தளரும் என்பவைதான் அவருக்கு வேண்டும். ஐந்து மாதிரிகளை இழுத்து எழுதிய கட்டுரையிலிருந்து இவை கிடைக்கா.

அந்த எண் கிடைக்க, வாங்கும் நாரின் தரம் நிலையாக இருக்க வேண்டும். இந்தியச் சணலுக்கு அந்த ஏற்பாடு ஏற்கெனவே உண்டு: இந்தியத் தர நிர்ணயப்படி தோசா, வெள்ளை வகைகள் பல தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன, நிறம், பழுது, வேர்ப்பகுதி, நுண்மை ஆகியவற்றோடு கட்டு நாரின் வலிமையையும் அளந்து. சாக்குத் தைக்க வந்த ஏற்பாடு அது. பொள்ளாச்சியிலிருந்து போகும் தென்னை நாரில் பார்ப்பது நீளம், நிறம், ஈரம், கலந்த நார்க்கழிவு. திருச்சியில் வாழைக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையமே இருந்தும், தார் வெட்டியபின் தோட்டத்தில் கிடக்கும் வாழைத்தண்டில் பெரும்பகுதி நாராவதே இல்லை. நாராவதும் ரகம், வெளி மடலா உள் மடலா, வெட்டிய எத்தனையாவது நாளில் உரித்தது என்ற எந்த அடையாளமும் இல்லாமல் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வருகிறது.